மாப்ளே, குருவி பார்க்கப் போறியாமே

கேள்விப்பட்டேன் மாப்ளே. உங்கம்மா போன்ல மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொல்லிச்சு. மெல்பர்ன்ல கம்ப்யூட்டர் கம்பெனியில கை நிறைய வாங்குற பய, லீவு போட்டுட்டு, செப்டம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் சம்பளம் இல்லாம குருவி பின்னாடி சுத்தப் போறானாம். "அண்ணே, நீதான் இப்ப அவன் பக்கத்துல இருக்கே, நாலு வார்த்தை புத்தி சொல்லேன்"னு அழாத குறை. நாலு என்ன, நாப்பதே சொல்றேன். உட்காரு. அந்த போனை முதல்ல கவுத்து வை.

கூலி விவகாரத்தை முன்னாடி முடிச்சிடுவோம். இந்தப் பல்கலைக்கழகத்துக்காரங்க ஆள் கேட்டு எழுதுற காகிதத்தை என் பேத்தி படிச்சுக் காட்டிச்சு. தங்க இடம் குடுப்பாங்களாம். அரிசி பருப்புக்குக் கொஞ்சம் குடுப்பாங்களாம். விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கணும், புதருக்குள்ள குனிஞ்சு போகணும், வெயில் மழை பார்க்கக் கூடாது, வண்டி ஓட்டத் தெரியணும், பாம்பைக் கண்டா ஊளையிடக் கூடாது, நாலு பேரோட ஒரே வீட்டுல சண்டை போடாம இருக்கணும். சம்பளம்ங்கிற வார்த்தை மட்டும் கடைசி வரி வரைக்கும் வரலை. இவ்வளவு லட்சணமும் உள்ள ஆளை எங்க காலத்துல பண்ணையாள்னு சொல்லுவோம். அவனுக்கே அறுப்புக்கு அறுப்பு நெல்லு அளந்தாங்க.

இதுக்கும் மேல ஒரு ரகம் இருக்கு. அதுல வேலை செய்யறதுக்கு நீ பணம் கட்டணும். எர்த்வாட்ச்னு ஒரு அமைப்பு, 1971ல அமெரிக்காவுல பாஸ்டன்ல ஆரம்பிச்சது, மெல்பர்ன்லயும் ஆபீஸ் போட்டிருக்கு. ஆராய்ச்சிக்கு ஆகுற செலவுல ஒரு பங்கை நீ குடுத்துட்டு, கூடப் போய் நீயே மண்ணையும் கிளறணும். நான் களையெடுக்க ஆள் கிடைக்காம டீயும் வடையும் வாங்கிக் குடுத்துக் கெஞ்சிட்டிருந்த காலத்துல, அங்க ஒருத்தன் களையெடுப்புக்கு டிக்கெட் போட்டு வித்திருக்கான் பாரு. அவன் பொழைக்கத் தெரிஞ்சவன்.

சரி, போறதுன்னு முடிவு பண்ணிட்டே. பாட்டுப் பறவை ஆராய்ச்சிங்கிறியே, அந்தக் கூட்டத்துல யார் யார் சேர்த்தின்னு தெரியுமா? குயில்னு சொல்லிடாதே, மானம் போயிடும். குயில் அந்தக் கணக்குலயே கிடையாது. யார் சேர்த்தி தெரியுமா? காக்கா. ஆமாய்யா, நம்ம கொல்லையில அப்பளம் தூக்குற காக்காதான். தொண்டைக்குள்ள குரல் எழுப்புற சதை எப்படி அமைஞ்சிருக்கு, வம்சம் எந்தக் கிளையிலேர்ந்து வந்துச்சுன்னு பார்த்துத்தான் சேர்க்கிறாங்க. பாட்டு கேட்கும்படியா இருக்கான்னு எவனும் பார்க்கிறதில்லை. மைனா சேர்த்தி, சிட்டுக்குருவி சேர்த்தி, தேன்சிட்டு சேர்த்தி. ஊரே பாட்டு கட்டின குயிலு வெளியில நிக்குது. அதோட குஞ்சைப் பொறிச்சு வளர்க்கிற காக்கா உள்ள உட்கார்ந்திருக்கு.

குயிலு இங்கயும் விட்ட பாடில்லை. சிட்னியில டூங்கேபில பெரியவன் வீட்டுல இருந்தப்ப, செப்டம்பர் அக்டோபர் ஆனா வடக்கேருந்து வந்து இறங்கிடும். ராத்திரி மூணு மணிக்கே ஆரம்பிக்கும். உங்க அத்தைக்கு ஊரு நெனப்பு வந்து கண்ணு கலங்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஜன்னலை அடிச்சு சாத்துவாரு. இங்க காக்காவுக்குப் பதிலா வாட்டில்பேர்டுங்கிற பறவை தலையில முட்டையைக் கட்டிட்டுப் போயிடுது. நாடு மாறினாலும் அது தொழிலை மாத்தலை.

இன்னொரு சங்கதி, இதைத் தெரிஞ்சிக்கிட்டு போனா அங்க உனக்கு மரியாதை கிடைக்கும். உலகத்துல இருக்கிற அத்தனை பாட்டுப் பறவைக்கும் பூர்வீகம் இந்த ஆஸ்திரேலியாதான். டிம் லோன்னு ஒருத்தர் 2014ல இதுக்குன்னே ஒரு புத்தகம் போட்டாரு. முதல்ல வடக்கேருந்துதான் எல்லாம் இங்க வந்துச்சுன்னு இவங்களே நெனச்சிட்டிருந்தாங்க. மரபணுவைப் பிரிச்சுப் பார்த்தா கதை தலைகீழ். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இங்கேருந்து கெளம்பினதோட வாரிசுங்கதான் நம்ம வேதாரண்யத்துக் காக்காவும் மைனாவும். இப்ப வேடிக்கையைக் கேளு. 1860கள்ல, பூச்சி புடிக்கட்டும்னு மைனாவைக் கப்பல்ல ஏத்திட்டு வந்து மெல்பர்ன்ல விட்டாங்க. அது பெருகிப் போச்சு. மத்த பறவையோட பொந்தைப் புடுங்கிக்கிச்சு. இப்ப "இந்தியன் மைனா"ன்னு பேரு வெச்சு கூண்டு வெச்சுப் புடிக்கிறாங்க. முப்பாட்டன் ஊருக்குத் திரும்பி வந்தவனுக்கு இந்த வரவேற்பு. நீ உன் பி.ஆர். காகிதத்தைப் பத்திரமா வெச்சுக்க.

போறதுக்கு முன்னாடி காகிதம் நெறைய கேட்பாங்க. ரெண்டை மட்டும் சொல்றேன். குருவியைத் தொடறதுக்கே மிருகங்களுக்கான நெறிமுறைக் கமிட்டி ஒண்ணு உட்கார்ந்து சம்மதம் குடுக்கணும். வளையம் போடறதுக்கு, 1953லேருந்து கான்பெராவுல நடக்கிற பறவை வளையத் திட்டம்னு ஒண்ணு, அவங்க அனுமதிச் சீட்டு வேணும். சீட்டு உனக்கு இருக்காது, உன் தலைமேல நிக்கிற ஆளுக்கு இருக்கும். அவர் கண்ணு முன்னாடிதான் நீ தொடலாம். அதுவும் ரொம்ப நாள் கழிச்சு. அதுவரைக்கும் வலைக்கம்பு தூக்கு, பை தொவை, சீட்டு எழுது.

இதுல எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல. கோடியக்கரையில பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க 1980கள்ல கேம்ப் போட்டிருந்தப்ப உங்க மாமன் அங்க வலைக்கம்பு சுமந்தவன். சாலிம் அலி காலத்துலேருந்தே அங்க பறவை புடிச்சு வளையம் போட்டாங்க. வலை போடறதுல கை தேர்ந்தவங்க பீகார்லேருந்து வந்திருந்தாங்க, மீர்ஷிகார்னு பரம்பரைப் பறவை புடிக்கிற கூட்டம். அதுல அலி ஹுசேன்னு ஒருத்தர் பேரு உலகம் பூரா தெரியும். எங்க ஊர் ஆளுங்க உள்ளானைக் குழம்புக்குத்தான் புடிப்பாங்க. இவங்க புடிச்சு, கால்ல "பம்பாய்க்குத் தெரிவிக்கவும்"னு இங்கிலீஷ்ல எழுதின வளையத்தை மாட்டி, பறக்க விட்டாங்க. குழம்பை ஏன்யா பறக்க விடறீங்கன்னு ஊரே சிரிச்சுச்சு. அந்த உள்ளான் சைபீரியாவுலேருந்து வந்து போகுதுன்னு தெரிஞ்ச பிற்பாடும் கொஞ்ச நாள் சிரிச்சிட்டுத்தான் இருந்தாங்க.

நீ போற இடம் லிஸ்டர்ஃபீல்டு பார்க்தானே? டாண்டினாங்குக்கு அந்தப் பக்கம், மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரங்க ஃபேரி ரென் பார்க்கிற இடம். அந்தக் குருவியை நீ பார்க்காம இருக்க முடியாது. 2021ல இந்த நாடே ஓட்டுப் போட்டு அந்த வருஷத்துப் பறவைன்னு தேர்ந்தெடுத்துச்சு. ஆணுக்குத் தலையில அடிக்கிற நீலம். பொட்டைக்கு மண் நிறம். ரெண்டும் வாலைச் செங்குத்தா தூக்கிட்டுத் திரியும். எடை, ரெண்டு பத்து சென்ட் காசு சேர்த்து வெச்சா அதைவிடக் குறைச்சல்தான்.

வலையிலேருந்து அதை எப்படி எடுப்பாங்கன்னு கவனிச்சுப் பாரு. மிஸ்ட் நெட்டுங்கிறது கறுப்பு நூல்ல பின்னின வலை. புதருக்கு முன்னாடி ரெண்டு கம்புக்கு நடுவுல கட்டினா, பத்தடி தள்ளி நின்னா உன் கண்ணுக்கே தெரியாது. குருவி வந்து மோதி, வலை மடிப்புல தொட்டிலா விழுந்து தொங்கும். எந்தப் பக்கத்துலேருந்து உள்ள போச்சோ அந்தப் பக்கமா வந்துதான் எடுக்கணும். பெரும்பாலும் காலை முதல்ல விடுவிக்கணும், ஏன்னா பய நூலை இறுக்கிப் புடிச்சிருப்பான். அப்புறம் ஒரு இறக்கை, இன்னொரு இறக்கை, கடைசியா தலை. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில கழுத்து, உள்ளங்கையில முதுகு. நெஞ்சை அமுக்கினா செத்துரும், அதுக்கு நெஞ்சு விரிஞ்சாத்தான் மூச்சு. அந்த நேரத்துல உன் கையில அது நெஞ்சு அடிக்கிறது எண்ண முடியாத வேகத்துல இருக்கும். செல்ஃபிக்குக் கை தேடாதே. துணிப் பையில போட்டு எடை பாரு, இறக்கையிலேருந்து அந்த அனுமதிச் சீட்டுக்காரர் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கட்டும், நம்பர் போட்ட உலோக வளையம் ஒண்ணு, கலர் வளையம் ரெண்டு மூணு, முடிஞ்சுது, விட்டுடு. காத்து பலமா அடிச்சாலோ மழை வந்தாலோ வலையைச் சுருட்டிடணும். அதுல வீம்பு புடிக்கிற ஆளை நான் கோடியக்கரையிலயும் பார்த்தேன், அவனை அடுத்த வாரம் சமையலுக்கு மாத்திட்டாங்க.

அதுக்கப்புறம் உன் ஜோலி என்ன தெரியுமா? கால் பார்க்கறது. இடது கால்ல மேல சிவப்பு, கீழ மஞ்சள். வலது கால்ல உலோகம், அதுக்குக் கீழ பச்சை. அந்தக் காலு வைக்கோல் தடிமன்கூட இல்ல, அது நிமிஷத்துக்கு நூறு தடவை தாவும், முன்னாடி புல்லு மறைக்கும், வெயில் கண்ணுல அடிக்கும். நீ சிவப்பை ஆரஞ்சுன்னு எழுதினே, ஒரு குடும்பமே மாறிப் போச்சு. இவன் பொண்டாட்டி அவன் வீட்டுல இருக்கிறதா புரொபசர் கட்டுரை எழுதிடுவாரு.

எழுத வேண்டியதும் அதைத்தான், அது வேற விஷயம். இந்தக் குருவிக் குடும்பத்தை நான் கண்ணியமா சொல்லிப் பார்க்கிறேன். வெளியில பார்த்தா நம்ம பழைய கூட்டுக்குடும்பம். அப்பன், ஆத்தா, கல்யாணம் ஆகாம வீட்டோட தங்கின மூத்த பயலுவ ரெண்டு மூணு பேரு. எல்லாரும் சேர்ந்து சின்னதுங்களுக்குப் புழு புடிச்சாந்து ஊட்டுவாங்க. பார்த்தாலே கண்ணு நிறையும். கான்பெரா தாவரவியல் பூங்காவுல ஆண்ட்ரூ காக்பர்ன்னு ஒரு புரொபசர் 1980களோட கடைசியிலேருந்து இந்தக் குருவிங்களுக்குக் கலர் வளையம் போட்டு வம்சாவளி எழுதினாரு. ரத்தத்தைப் பரிசோதிச்சு, ராவுல் மல்டரும் அவரும் மத்தவங்களும் 1994ல வெளியிட்ட கணக்குப்படி, குஞ்சுல நூத்துக்கு 76 அந்த வீட்டு ஆம்பளைங்க யாருக்கும் பொறக்கலை. அதாவது முக்கால்வாசி. ஊர்ப் பஞ்சாயத்து எதுலயும் இவ்வளவு துல்லியமான கணக்கு நான் கேட்டதில்லை. ஆம்பளை என்ன பண்ணுவான்னா, அடுத்த வீட்டு எல்லைக்குப் போய், மஞ்சள் பூவிதழ் ஒண்ணை அலகுல வெச்சுக்கிட்டு, நீலக் கன்னத்தை விரிச்சுக் காட்டிட்டு நிப்பான். தன் பொண்டாட்டிகிட்ட பூ காட்ட மாட்டான், கவனிச்சுக்க. 

அது எப்ப நடக்குதுன்னு ரொம்ப நாள் ஆம்பளையையே பார்த்துட்டிருந்தவங்களுக்குப் புரியலை. பொட்டைக்கு ரேடியோ கட்டிப் பார்த்தாங்க; 2000ல கட்டுரை வந்துச்சு. முட்டை இடறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி, விடியற இருட்டுல அது தானா கெளம்பி, யாருகிட்ட போகணும்னு முடிவு பண்ணிட்டு நேரா அங்க போய்ட்டு, பலபலன்னு விடியறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுது. இப்ப உன்னை ஏன் நாலு மணிக்கு எழுப்புறாங்கன்னு புரியுதா? நீ போறது விஞ்ஞானம் மட்டும் இல்ல மாப்ளே, துப்பு வேலையும்தான். உங்கம்மாகிட்ட இந்தப் பகுதியை மட்டும் விட்டுட்டுச் சொல்லு.

அதே பொட்டைக் குருவிகிட்ட வேற ஒரு வித்தையும் இருக்கு. அபிமன்யு சுபத்திரை வயித்துலயே சக்கரவியூகம் கேட்டான்னு சொல்லுவாங்கள்ல, நான் அதைக் கூத்துலதான் பார்த்தேன். இங்க அடிலெய்டுல ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்து அம்மணிகள் டயான் கொலம்பெல்லி-நெக்ரெலும் சோனியா க்ளைன்டார்ஃபரும் கூட்டுக்குள்ள மைக் வெச்சுக் கேட்டே புட்டாங்க. அடைகாக்கிறப்போ தாய் முட்டைக்கிட்ட ஒரு தனிக் குரல் குடுக்குது. பொறிச்சு வந்த குஞ்சு பசிக்குக் கத்துறப்போ அந்தக் குரல்ல இருக்கிற ஒரு சுரத்தையே கத்துது. முட்டையை இடம் மாத்தி வெச்சாங்க. குஞ்சு பெத்தவளோட சுரத்தைக் கத்தலை, அடைகாத்தவளோட சுரத்தைத்தான் கத்திச்சு. அப்ப அது பொறப்புல வர்றது இல்ல, படிப்புல வர்றது. 2012ல வெளியிட்டாங்க. இங்க இருக்கிற இன்னொரு குயில் ஜாதி, இதோட கூட்டுல முட்டையிட்டுட்டுப் போனா, அந்தக் குயில் குஞ்சு சீக்கிரமே பொறிஞ்சு வந்துடறதால சுரம் பாடமாகறதுக்கு நேரம் பத்தலை. வாசல்ல நின்னு தப்புச் சுரம் சொல்லுது. தாய்க்குச் சந்தேகம் வந்துச்சுன்னா, எல்லாத்தையும் போட்டுட்டுக் கெளம்பிடும்.

இவ்வளவு நுணுக்கம் தெரிஞ்சவங்களையும் பறவை ஏமாத்தும். மேக்பை கதை கேட்டிருக்கியா? குயின்ஸ்லாந்துல ஒரு ஆராய்ச்சிக் குழு, ஒரு கிராமுக்கும் குறைச்சலா ஒரு கருவி பண்ணி, அதை முதுகுல கட்ட ஒரு சேணம் பண்ணி, மாசக்கணக்கா பாடுபட்டு, அஞ்சு மேக்பைக்கு மாட்டி விட்டாங்க. காந்தம் வெச்ச பூட்டு. ஒரே ஒரு இடத்துலதான் பலவீனம். கடைசிப் பறவைக்கு மாட்டிப் பத்து நிமிஷம் ஆகலை, கருவி மாட்டாத கிழவி ஒண்ணு வந்து ஒரு சின்னதோட சேணத்தைக் கொத்த ஆரம்பிச்சுது. மூணாம் நாள் ஒருத்தன் முதுகுலயும் ஒண்ணும் இல்ல. ஒருத்தருக்கொருத்தர் கழட்டி விட்டுக்கிச்சுங்க. ஆராய்ச்சி போச்சு. ஆனா இதையே 2022ல கட்டுரையா எழுதிட்டாங்க, பறவை பறவைக்கு உதவுது பாருங்கன்னு. எனக்கு அவங்க மேல மதிப்பு கூடினது அந்த இடத்துலதான். தோத்ததையும் தேதி போட்டு எழுதி வெக்கிறான் பாரு, அவன் நல்ல சம்சாரி.

நீ கத்துக்க வேண்டியதும் அதுதான்யா; மத்ததெல்லாம் நான் சிரிப்புக்குச் சொன்னது. ஷெர்புரூக் காட்டுக்கு ஒரு தடவை போய்ட்டு வா, அங்க பழைய ஆளுங்க இருக்காங்க. டாண்டினாங் மலையில, மெல்பர்ன்லேருந்து காலையில போய்ட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடலாம். பத்து சென்ட் காசைத் திருப்பிப் பார்த்திருக்கியா? அதுல வாலை விரிச்சுட்டு நிக்குதே, லயர்பேர்டு, அது குடியிருக்கிற காடு. கேமரா க்ளிக்கு, கூக்கபரா சிரிப்பு, எதை வேணா திருப்பிச் சொல்லும். சிட்னி டாரோங்கா மிருகக்காட்சி சாலையில எக்கோன்னு ஒரு லயர்பேர்டு 2021ல பச்சப்புள்ள வீறிட்டு அழறதை அப்படியே எடுத்துவிட்டு உலகத்தையே சிரிக்க வெச்சுது. அது காலு பண்ற வேலை இன்னும் பெருசு. லா ட்ரோப் பல்கலைக்கழகத்து அலெக்ஸ் மெய்சி ஆளுங்க கணக்குப் போட்டிருக்காங்க. புழு தேடிச் சீய்ச்சுச் சீய்ச்சே ஒரு ஹெக்டேர் காட்டுல வருஷத்துக்கு 155 டன் மண்ணும் சருகும் பெரட்டுதாம். ட்ராக்டர் கடன் இல்லாம.

அந்த ஷெர்புரூக்ல 1958லேருந்து ஊர்க்காரங்க ஒரு குழுவா சேர்ந்து இந்தப் பறவையை எண்ணிட்டிருக்காங்க. இங்க ஜூன் ஜூலை குளிர்காலம், அப்பத்தான் அது பாடும். கும்மிருட்டுல ஆளுக்கொரு இடத்துல போய் நிக்கணும். பனி சொட்டும், கால்ல அட்டை ஏறும், பேசக் கூடாது, பிளாஸ்க் மூடியைத் திறக்கிற சத்தம் கூட பாவம். விடியற நேரம் எந்தத் திசையில ஆண் பாடுது, எத்தனை மணிக்குன்னு காதால கேட்டுக் குறிக்கணும். எவ்வளவோ பேரு குறிச்சு குறிச்சு, அறுபது வருஷத்துக்கும் மேல சேர்ந்து போச்சு. நரியும் பூனையும் வந்து எங்க குறைஞ்சுது, அடக்கினப்போ எங்க கூடிச்சுங்கிறது எல்லாம் அந்தத் தாளுலதான் இருக்கு. அதுல ஒருத்தன் குளிருக்குப் பயந்து வண்டியிலேயே உட்கார்ந்துட்டு "ஒண்ணு கேட்டுச்சு"ன்னு எழுதினா யாருக்கும் தெரியாது. அதான் ஆபத்து. உனக்குக் கேட்கலைன்னா சைபர் போடு. தெரியலைன்னா தெரியலைன்னு எழுது. நம்மாளுங்களுக்கு சைபர் எழுதக் கை வராது; வந்ததுக்கு ஏதாவது பார்த்துட்டோம்னு சொல்லணும். கோயிலுக்குப் போனா தரிசனம் ஆச்சுன்னுதானே சொல்றோம், பெருமாளைப் பார்த்தியா, முன்னாடி நின்னவரோட மண்டையைப் பார்த்தியான்னு யாரு கேட்கிறா?

கோயில்னதும் ஞாபகம் வருது. சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு 1985லேருந்து நம்ம ஜனம் கார் கட்டிப் போகுது. பக்கத்துலதான் ராயல் நேஷனல் பார்க், 1879ல ஒதுக்கின காடு, அங்கயும் லயர்பேர்டு நடமாட்டம் உண்டு. நம்மாளுங்க அர்ச்சனை, அப்புறம் கேன்டீன் தோசை, அப்புறம் நேரா வீடு. நான் இறங்கிப் பார்க்கலாம்னு சொன்னப்போ பெரியவன் "அப்பா, பார்க்கிங் கிடைக்காது"ன்னுட்டான்.

சிட்னிக்காரங்க பறவை கதைதான் எனக்கு மனசுல தச்சுது. ரீஜன்ட் ஹனிஈட்டர்னு கறுப்பும் மஞ்சளுமா ஒண்ணு. ஒரு காலத்துல நூத்துக்கணக்குல கூட்டமா வந்து யூகலிப்டஸ் பூவுல இறங்குமாம். இப்ப காட்டுல முன்னூறைச் சுத்திதான் மிச்சம். மரம் வெட்டினது ஒரு பக்கம். மிஞ்சின மரத்துல நாய்ஸி மைனர்னு உள்ளூர் ரவுடிப் பறவை மத்த எதையும் அண்ட விடாம அடிச்சுத் துரத்தறது இன்னொரு பக்கம். அரசாங்கமே 2014ல அந்த அடாவடியைச் சட்டப்படி அபாயப் பட்டியல்ல சேர்த்திருக்கு. ஆள் குறைஞ்சதும் என்ன ஆச்சுன்னா, வளர்ற பயலுவளுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கப் பெரியவங்க பக்கத்துல இல்ல. பக்கத்துல எது கத்துதோ அதைக் கத்துக்கிட்டான். ராஸ் கிரேட்ஸ்னு ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆளும் அவர் கூட்டாளிகளும் 2021ல எழுதினாங்க: ஆண்கள்ல நூத்துக்கு 12 தன் இனத்துப் பாட்டையே பாடலை, வேற பறவை பாட்டைப் பாடறான். அப்படிப் பாடறவனுக்குப் பொண்ணு கிடைக்கிறதும் கஷ்டம். டூங்கேபில என் பேரன் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ட்டு வந்து "டாட்டா, சாப்டியா"ன்னு கேட்கிறப்போ எனக்கு அந்தக் குருவி ஞாபகம்தான் வருது.

டாரோங்காவுல 1995லேருந்து இதைக் கூண்டுல வளர்த்துக் காட்டுல விடறாங்க. கூண்டுல பொறந்ததுக்கும் பாட்டு சரியா வரலை. பதிவு பண்ணின பாட்டைப் போட்டுப் பார்த்தாங்க, அவ்வளவா ஏறலை. காட்டுல பொறந்த ஆணையே கொண்டாந்து வாத்தியாரா வெச்சாங்க. ஒரு வாத்தியாருக்கு இத்தனை பிள்ளைங்கதான்னு கூட்டத்தைக் குறைச்சப்போ பாட்டு ஏறிச்சாம். இங்கதான் உன்னை மாதிரி சம்பளம் கேட்காத ஆளுங்க வர்றாங்க. நீல மலைக்கு அந்தண்டை கேப்பர்டீ பள்ளத்தாக்குல வருஷா வருஷம் போய் மரக்கன்னு நடறாங்க. மே மாசம், ஆகஸ்ட் மாசம் காடு காடா போய் அந்தப் பறவை இருக்கான்னு பார்க்கிறாங்க. பெரும்பாலும் இருக்காது. எழுதறது சைபர்தான். அத்தனை சைபரும் சேர்ந்துதான் எங்கெங்க இல்லைன்னு தெரியுது. பூத்த மரத்தடியில நாள் பூரா நின்னுட்டு, டிபன் பாக்ஸைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வர்றவனுக்குத்தான் முதுகெலும்பு வேணும். லிஸ்டர்ஃபீல்டுல உனக்குக் குருவியாவது கண்ணுல படும். உனக்கு அது ரொம்ப சுலபமான வேலை, பெருமை பேசிக்காதே.

லீவு கிடைக்கலைன்னாலும் பரவாயில்லை. அக்டோபர்ல ஒரு வாரம் நாடு பூரா வீட்டுக்கொல்லையில இருபது நிமிஷம் உட்கார்ந்து பறவை எண்றாங்க, 2014லேருந்து நடக்குது. இருபது நிமிஷம் நீ போனைத் தொடாம உட்கார்ந்தா, மிச்சத்துக்கும் உன்னை நம்பி அனுப்புறேன்.

எடுத்துட்டுப் போறதுக்கு அத்தை முறுக்கு சுட்டு வெச்சிருக்கா. வலைக்கிட்ட மெல்லாதே. சட்டை பளிச்சுன்னு போடாதே. புல்லுக்குள்ள பழுப்புப் பாம்பு இருக்கும், முட்டி வரைக்கும் கெய்ட்டர் மாட்டிக்க. புதர்ல எலி ஒண்ணு கிறீச்சுன்னு வாலைத் தொங்கப் போட்டு ஓடினா எலின்னு விட்டுடாதே. கூடு பக்கத்துல இருந்தா ஃபேரி ரென் அப்படித்தான் எலி வேஷம் கட்டி உன்னைத் தள்ளிக் கூட்டிட்டுப் போகப் பார்க்கும். ஓடறதை விட்டுட்டு, அது கெளம்பின இடத்தைப் பாரு.

அப்புறம், உங்கம்மா விசனமே வேற. வைகாசியில மாப்பிள்ளை பார்க்க வர்றாங்கள்ல, மன்னார்குடிப் பொண்ணு வீட்டுக்காரங்க. மாப்பிள்ளை என்ன பண்றாருன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு அதுக்குத் தூக்கம் வரலை. நான் சொல்லிக்கிறேன். மோனாஷ் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சிப் பொறுப்பு, கீழ வேலை செய்யறவங்க அத்தனை பேருக்கும் கால்ல நம்பர் போட்டிருக்கு, தங்க இடமும் சாப்பாடும் அவங்களே குடுத்துடறாங்கன்னு. சீட்டுல நீ உள்ளது உள்ளபடி எழுது. மன்னார்குடியை என்கிட்ட விடு.